அப்பாவின் கோட்டையை நான் பிடித்த விதம்

கோட்டையை நேருக்கு நேர் போய் முட்டுகிறவர்களைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் கிடையாது. நானும் முட்டியவள்தான், அந்த உரிமையில் சொல்கிறேன். ஆற்றைக் கடந்து, மேட்டில் ஏறி, மதிலுக்குக் கீழே மூச்சு வாங்கிக்கொண்டு நிற்க, மேலே இருக்கும் வில்லுக்காரர்கள் ஆறுதலாக ஒவ்வொருவராய்ப் பார்த்துப் பார்த்து அம்பு விட, அதற்குப் பிறகு தலையில் கை வைப்பது ஒரு வகைப் போர்முறை. திருகோணமலையில், அன்புவழிபுரத்து வீட்டின் நடு அறையில், ஒரு பிளாஸ்டிக் கதிரையில் இருந்தபடி அந்தப் போர்முறையை நான் நன்றாகப் பயின்றேன். மதிலுக்கு உள்ளே இருந்தவர் என் அப்பா.

விளையாட்டு கொம்பியூட்டரில். அண்ணன் கட்டாருக்குப் போகும்போது அந்தக் கொம்பியூட்டரையும் அதற்குள் இருந்த ஒரேயொரு விளையாட்டையும் எனக்கு விட்டுவிட்டுப் போயிருந்தான். அவசரமில்லாத யுத்தம் அது. ஒருவர் தன் ஆட்களை எல்லாம் நகர்த்தி, அடிக்க வேண்டியவர்களை அடித்து, கட்ட வேண்டியதைக் கட்டி, கடைசியில் மூலையில் இருக்கும் பொத்தானை அமுக்கினால்தான் மற்றவருக்கு முறை வரும். அதுவரைக்கும் எதிரி எவ்வளவு பெரிய வீரனாக இருந்தாலும் கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டியதுதான். வெளியே நடந்த யுத்தத்தில் இந்த ஒழுங்கெல்லாம் இருக்கவில்லை. குடாவுக்கு அந்தப் பக்கம் ஷெல் விழுந்தால் இந்தப் பக்கம் எங்கள் யன்னல் கண்ணாடி தன் பாட்டுக்கு ஆடும்.

அந்த நேரத்தில் எனக்குக் கொழும்பில் ஒரு வேலை கிடைத்திருந்தது. ஒரு கொம்பனியின் கணக்குப் பிரிவில், கொம்பியூட்டரோடு வேலை. அடுத்த மாதப் பிறப்பில் வந்து சேரச் சொல்லியிருந்தார்கள். அப்பா ஏலாது என்றுவிட்டார். ஏன், எதற்கு என்று ஒரு விளக்கமும் கிடையாது. நான் அழுது பார்த்தேன். சாப்பிடாமல் இருந்து பார்த்தேன், மத்தியானத்தில் மட்டும். மாமாவைக் கொண்டு கதைக்க வைத்தும் பார்த்தேன். உள்ளே போன மாமா அப்பாவோடு சேர்ந்து தேத்தண்ணி குடித்து, சுசியமும் சாப்பிட்டுவிட்டு, அப்பா சொல்வதும் சரிதானே என்று சொல்லிக்கொண்டு வெளியே வந்தார். மாமாவை நம்பினால் இப்படித்தான்.

அப்பா துறைமுகத்தில் ஒரு களஞ்சியத்துக்கு ஸ்டோர் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய வேலை முழுவதும் இரண்டே காரியம்தான். பகலில் சாமான்களை உள்ளே எடுப்பது, பின்னேரம் கதவைப் பூட்டுவது. பூட்டிய பிறகு பூட்டை ஒருதரம் இழுத்துப் பார்ப்பார். நாலடி நடந்துவிட்டுத் திரும்பி வந்து இன்னொருதரம் இழுத்துப் பார்ப்பார். ஓய்வு பெற்ற பிறகு அவருக்குக் களஞ்சியம் எங்கள் வீடு, சாமான்கள் நாங்கள். அந்தக் காலத்தில் பொழுதுபட்டால் ஊர் அடங்கிவிடும். சட்டம் போட்ட நாளும் அடங்கும், போடாத நாளும் அடங்கும். எங்கள் வீட்டில் அப்பாவின் சட்டம் ஊர்ச் சட்டத்துக்கும் முன்னதாகவே தொடங்கிவிடும். நான் கொம்பியூட்டர் வகுப்பில் படிப்பித்துவிட்டு வரும்வரை கேற்றில் நிற்பார். நான் வந்துவிட்டேன் என்றால் அம்மா எங்கே என்பார். அம்மா குசினிக்குள்தான் இருப்பாள். இருந்தாலும் போய்ப் பார்த்துவிட்டு வந்துதான் கேற்றைப் பூட்டுவார். எங்கள் வீட்டுப் பூனை அந்தக் கேற்றால் வெளியே போவதில்லை, மதிலால்தான் போகும். அதற்கும் அப்பாவோடு கதைத்து வேலையில்லை என்று தெரிந்திருந்தது.

ஒரு நாள் நான் கொம்பியூட்டரின் கோட்டை ஒன்றை அடித்துக்கொண்டிருந்தபோது அப்பா பேப்பரோடு பின்னால் வந்து நின்றார். கரண்ட் வீணாகப் போகிறது என்று சொல்லத்தான் வந்தவர். சொல்லாமல் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். வில்லுக்காரர்களை ஏன் கீழே விட்டிருக்கிறான் என்று கேட்டார். வாசலை ஏன் ஆற்றுப் பக்கம் வைக்கவில்லை என்று கேட்டார். நான் அந்தக் கோட்டையைப் பிடித்ததும், "உந்தக் கோட்டையை என்னட்டத் தந்திருந்தால் நீ வாசலடிக்கும் வந்திருக்க மாட்டாய்" என்றார்.

எனக்கு வந்ததே கோபம். கொழும்புக் கோபம் முழுவதும் அதில் சேர்ந்துகொண்டது. அப்படியென்றால் இருந்து காட்டுங்கோ, நான் உங்கட கோட்டையைப் பிடித்தால் என்னைக் கொழும்புக்கு விடவேணும் என்றேன். பகிடி என்று சிரித்துவிட்டுப் போவார் என்றுதான் நினைத்தேன். அவர் பேப்பரை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு யோசித்தார்.

"பிடி பாப்பம். பிடிச்சால் நானே கொண்டுபோய் விடுறன்."

குசினிக்குள் இருந்த அம்மா அகப்பையோடு வெளியே வந்து, தான் சாட்சி, இரண்டு பேரும் பிறகு கதை மாற்றக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போனாள். பிள்ளை படித்தது தேங்காய் திருவுவதற்கா என்று அப்பாவிடம் அடிக்கடி கேட்பவள் அம்மா. ஆனால் கொழும்பு என்றால் அவளுக்கும் நெஞ்சு படபடக்கும். அதனால் யாருடைய பக்கம் நிற்கிறாள் என்று ஒருபோதும் சரியாகச் சொல்ல ஏலாது.

இருந்தது ஒரு கொம்பியூட்டர், ஒரு கதிரை. ஒருவர் ஆடும்போது மற்றவர் முருகன் கலண்டரைப் பார்த்துக்கொண்டு திரும்பி நிற்கவேண்டும் என்று ஒப்பந்தம். அப்பா ஒருநாளும் திரும்பிப் பார்த்ததில்லை. நான் பார்த்தேன். கலண்டருக்குப் பக்கத்தில் கண்ணாடி போட்ட அலுமாரி ஒன்று இருந்தது, அதில் திரை முழுவதும் தெரியும். யுத்தம் என்று வந்தால் உளவு பார்க்காமல் முடியுமா? ஆனால் பார்த்து ஒரு பிரயோசனமும் கிடைக்கவில்லை. வெளியே நின்றால்தானே பார்ப்பதற்கு. அப்பாவின் ஆட்கள் எல்லாரும் எப்போதும் உள்ளே.

இதுதான் அப்பாவின் முறை. தன் முறை தொடங்கியதும் வாசலைத் திறந்து ஆட்களை வெளியே விடுவார். தோட்டக்காரன் வயலுக்குப் போவான், விறகுக்காரன் காட்டுக்குப் போவான், இரண்டு குதிரைக்காரர் சுற்றிப் பார்ப்பார்கள். பிறகு, பொத்தானை அமுக்குவதற்கு முன், அவ்வளவு பேரையும் ஒவ்வொருவராகத் திருப்பி உள்ளே எடுப்பார். முறை முடிய முன்னம் எல்லாரும் உள்ளே. வாய்விட்டு எண்ணுவார். ஒருவன் குறைந்தால் திரும்பவும் முதலில் இருந்து எண்ணுவார். இந்த விளையாட்டை உலகத்தில் எத்தனையோ பேர் ஆடியிருப்பார்கள். முறை முடியும்போது ஊரடங்கு வருகிறது என்று நினைத்து ஆடியவர் எங்கள் அப்பா ஒருவராகத்தான் இருப்பார். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். ஓர் ஆள் நாலு கட்டம் நடக்கலாம் என்றால், அப்பாவின் ஆள் போக இரண்டு, வர இரண்டு. இப்படியொரு தளபதியை ஒரு கிழமையில் முடித்துவிடலாம் என்று நினைத்தேன்.

முதலில் நேரே போய் முட்டினேன். அதைப் பற்றி மேலே சொல்லிவிட்டேன், திரும்பச் சொல்ல எனக்கு விருப்பமில்லை.

பிறகு பீரங்கி கட்டினேன். கோட்டையைத் தூர நின்று அடிப்பதுதான் புத்தி. பீரங்கி இரண்டு கட்டம் தள்ளி நின்று சுடும், வில்லுக்காரனின் அம்பு அவ்வளவு தூரம் வராது. மூன்று பீரங்கிகளை மேட்டில் ஏற்றி மதிலைத் துளைத்தேன். நல்ல ஓட்டை விழும். அப்பாவின் முறை வரும். எல்லாரும் உள்ளேயே இருக்கிறார்களே, தோட்டக்காரனும் விறகுக்காரனும் சேர்ந்து மதிலைப் பூசிவிடுவார்கள். நான் திரும்ப உடைப்பேன், அவர் திரும்பப் பூசுவார். உடைக்கிற எனக்குக் களைத்துவிட்டது, பூசுகிற அவருக்குக் களைக்கவில்லை. கலண்டரைப் பார்த்து நிற்கும்போது மெதுவாக விசிலும் அடிப்பார்.

அடுத்தது முற்றுகை. கோட்டையைச் சுற்றி ஆட்களை நிறுத்தி, வயலுக்குப் போக விடாமல் மறித்து, உள்ளே இருப்பவர்களைப் பட்டினி போடுவது. பொறுமை உள்ளவர்களின் போர்முறை இது. எனக்குப் பொறுமை கிடையாது, ஆனால் மாதப் பிறப்பு வந்துகொண்டிருந்ததால் வரவழைத்துக்கொண்டேன். நாலு பக்கமும் மறித்துவிட்டு இருந்தேன், இருந்தேன், இருந்துகொண்டே இருந்தேன். உள்ளே ஒருவரும் சாகவில்லை. கடைசியில் பொறுக்க ஏலாமல், உள்ளே எவ்வளவு சாப்பாடு வைத்திருக்கிறீங்கள் என்று கேட்டேன். விளையாட்டுத் தொடங்கிய நாளிலிருந்து வேறொன்றும் கட்டாமல் நெல்லுக் களஞ்சியமாகத்தான் கட்டியதாகச் சொன்னார். ஒரு ஸ்டோர் கீப்பரைப் பட்டினி போட்டு வெல்லப் பார்த்த என் அறிவை என்னவென்று சொல்வது?

ஆனாலும் முற்றுகை என்பது நல்ல யோசனையாகவே எனக்குப் பட்டது. அதனால் அதைத் திரைக்கு வெளியே எடுத்தேன். அம்மாவோடு இரகசியமாகக் கதைத்து, அப்பாவின் நாலு மணித் தேத்தண்ணியை நிறுத்தினோம். சீனி முடிந்துவிட்டது என்று அம்மா சொன்னாள். அப்பா எழும்பி அலுமாரியைத் திறந்தார், அடித்தட்டில் இருந்த சாரங்களுக்குப் பின்னால் கையை விட்டு ஒரு விசுக்கோத்துத் தகரத்தை எடுத்தார், அதற்குப் பின்னால் இருந்து சீனிப் பையையும் எடுத்தார். இரண்டையும் அம்மாவிடம் கொடுத்து, மூன்று பேருக்கும் போடும்படி சொன்னார். இவ்வளவு நாளும் அந்த அலுமாரிக் கண்ணாடியில் உளவு பார்த்த எனக்கு அதன் அடித்தட்டைப் பார்க்கத் தோன்றவில்லை.

ஒருநாள் வாய்ச்சண்டையும் போட்டுப் பார்த்தேன். எந்தக் கோட்டையும் நிலைத்ததில்லை என்றேன். எங்கள் ஊர்க் கோட்டையையே பாருங்கோ, போர்த்துக்கேயன் கட்டினான், ஒல்லாந்தன் பிடித்தான், பிரெஞ்சுக்காரன் பிடித்தான், இங்கிலீசுக்காரன் பிடித்தான், இப்போது கோயிலுக்குப் போகும் வழியில் மான் படுத்திருக்கிறது என்றேன். அப்பா கலண்டரைப் பார்த்தபடியே பதில் சொன்னார். அவன்களில் ஒருவனாவது ஸ்டோர் கீப்பராக இருந்தானா என்று கேட்டார். நான் பொத்தானை ஓங்கிக் குத்தினேன்.

இப்படி இருக்கும்போதுதான் ஒரு காலை எங்கள் தெருவைச் சுற்றிவளைத்துச் சோதனை நடந்தது. எங்களுக்குப் பழகிய காரியம். அடையாள அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு மூன்று பேரும் நடு அறையில் நின்றோம். கொம்பியூட்டர் திறந்தே இருந்தது. திரையில் அப்பாவின் கோட்டை, சுற்றிவர என் படை, மேட்டில் மூன்று பீரங்கிகள். அணைக்கும் நினைவு ஒருவருக்கும் வரவில்லை. உள்ளே வந்த சிப்பாய் என் வயதுக்காரன். அலுமாரியைப் பார்த்தான், கட்டிலுக்குக் கீழே பார்த்தான், திரைக்கு முன்னால் வந்து நின்றுவிட்டான்.  இது என்ன என்று உடைந்த தமிழில் கேட்டான். விளையாட்டு என்றார் அப்பா. அவன் குனிந்து வடிவாகப் பார்த்துவிட்டு, யார் வெல்லுவது என்று கேட்டான்.

"இன்னும் ஒருத்தரும் இல்லை" என்றார் அப்பா.

திருகோணமலையில் அந்தக் கேள்விக்கு அதைவிடக் கவனமான பதிலை எவராலும் சொல்லியிருக்க ஏலாது. சிப்பாய் சிரித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனான். எனக்கும் சிரிப்பு வந்தது, பயம் தெளிந்தால் எனக்கு எப்போதும் சிரிப்பு வரும். அப்பா சிரிக்கவில்லை. கிணற்றடிக்குப் போய் முகம் கழுவி, துவாயால் துடைத்துக்கொண்டே வந்தார். கொழும்பைப் பற்றி அவர் முதன்முதலாகக் காரணம் சொன்னது அப்போதுதான்.

"இப்ப நாங்கள் மூண்டு பேர் நிண்டம். அங்க ஒரு லொட்ஜில நீ தனிய நிக்கேக்க கதவைத் தட்டினால் ஆர் பிள்ளை பதில் சொல்லுறது?"

நான் சொல்லுவேன் என்றேன். அவர் என்னை ஒருதரம் பார்த்துவிட்டுக் கதிரையில் போய் இருந்தார். அவருடைய முறைதான் நடந்துகொண்டிருந்தது.

எனக்கு வழி கிடைத்தது ஒரு தற்செயலால். முற்றுகையைக் கலைத்துப் படையைப் பின்னுக்கு எடுத்தபோது, ஈட்டிக்காரன் ஒருவனை அப்பாவின் மதிலுக்கு வெளியே மறந்து விட்டுவிட்டேன். அந்த விளையாட்டில் கடற்கொள்ளைக்காரர்களும் உண்டு. அவர்களை ஆட்டுவிப்பது கொம்பியூட்டர். நான் ஆடி, அப்பா ஆடி முடிந்ததும் அவர்கள் கரையில் இறங்குவார்கள். என் ஆள், அவர் ஆள் என்று பார்க்க மாட்டார்கள், தனியே வெளியில் நிற்பவரை அடித்துவிட்டுப் போவார்கள். அன்று அவர்களின் கப்பல் கரைக்குக் கிட்ட வந்திருந்தது.

நான் கலண்டரைப் பார்த்து நின்றேன். அப்பாவின் முறை முடியவே இல்லை. எண்ணும் சத்தம் கேட்டது, நின்றது, திரும்பவும் கேட்டது. கடைசியில், உன் பெடியன் ஒருவன் வெளியில் நிற்கிறானே, மறந்துவிட்டாயா என்று கேட்டார். நிற்கட்டும், அவன் என் ஆள், உங்களுக்கு என்ன என்றேன். கொள்ளைக்காரர் வருகிறார்கள் என்றார். வரட்டும் என்றேன்.  பிறகு பொத்தான் அமுங்கும் சத்தம் கேட்டது. கொள்ளைக்காரர் இறங்கி என் ஈட்டிக்காரனைக் கொன்றார்கள். அப்பா எழும்பிப் போய்விட்டார். அன்றைக்குத் தேத்தண்ணியைப் பாதியில் வைத்தார், விசுக்கோத்தைத் தொடவில்லை. செத்தது அவருடைய எதிரி. அவருடைய மதிலை உடைக்க வந்தவன்.

எனக்கு ஈட்டிக்காரன் செத்தது கவலையாக இல்லை. உண்மையைச் சொன்னால் துள்ள வேண்டும்போல இருந்தது. இவ்வளவு நாளும் மதிலைப் பார்த்து மதிலைப் பார்த்து ஆடியிருக்கிறேன். பார்க்க வேண்டியது மதிலை அல்ல என்பது அப்போதுதான் மண்டையில் ஏறியது. மாதப் பிறப்புக்குச் சில நாட்கள்தான் இருந்தன. குதிரைக்காரர்கள் முழுப்பேரையும் கோட்டைக்கு அந்தப் பக்கத்துக் காட்டுக்குள் கொண்டுபோய் ஒளித்தேன். காட்டுக்குள் நிற்பவர்களைக் கிட்ட வந்தால்தான் தெரியும். அப்பாவின் ஆட்களோ இரண்டு கட்டத்துக்கு மேல் வருவதில்லை.

தூண்டிலில் என்ன குத்துவது என்றுதான் யோசித்தேன். இன்னொரு ஈட்டிக்காரனை விட்டால் முதல் முறை போலவே பல்லைக் கடித்துக்கொண்டு பொத்தானை அமுக்கிவிடுவார். என்னிடம் ஒரு வைத்தியக்காரி இருந்தாள். காயப்பட்டவர்களைச் சுகப்படுத்துகிறவள், சண்டை போடத் தெரியாதவள். படத்தில் தோளில் ஒரு பையோடு, பின்னல் தொங்க நிற்பாள். நான் வேலைக்குப் போகும்போது எப்படிப் போவேனோ அப்படி. கொள்ளைக்காரரின் கப்பல் திரும்பவும் கிட்ட வரும் நாளைப் பார்த்திருந்து, அவளைக் கடற்கரைக்கும் அப்பாவின் மதிலுக்கும் நடுவில் வெட்டவெளியில் கொண்டுபோய் நிறுத்தினேன். தெரிந்துதான் செய்தேன். இன்றைக்கு ஆடினாலும் அப்படித்தான் செய்வேன்.

அப்பா கதிரையில் இருந்தார். நான் திரும்பினேன். அன்று நான் அலுமாரிக் கண்ணாடியைப் பார்க்கவில்லை, முருகனைத்தான் பார்த்தேன். மயிலின் கழுத்தில் எத்தனை நிறம் என்று எனக்கு இப்போதும் தெரியும். பின்னால் எண்ணும் சத்தமே இல்லை. அவளை மறந்துவிட்டாயா என்று அவர் கேட்கவும் இல்லை. அம்மா குசினிக்குள் இருந்து வந்து திரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். வாசல் நிலையில் சாய்ந்துகொண்டு நின்றாள்.

பொத்தான் அமுங்கியது. கொள்ளைக்காரர் இறங்கும் சத்தமும் வாள் சத்தமும் கேட்டன. பிறகு அப்பா எழும்பி, "உன்ர முறை" என்றார்.

நான் வந்து இருந்தேன். வைத்தியக்காரி நிறுத்திய இடத்திலேயே நின்றாள். அவளைச் சுற்றி எட்டுப் பக்கமும் அப்பாவின் ஆட்கள். வில்லுக்காரர், வாள்காரர், இரண்டு குதிரைக்காரர், ஆள் போதாத ஒரு பக்கத்தில் தோட்டக்காரனைக்கூட மண்வெட்டியோடு கொண்டுவந்து நிறுத்தியிருந்தார். இரண்டு பேருக்குக் காயம். அவளுக்கு ஒன்றும் இல்லை. பின்னால் கோட்டை ஆளில்லாமல் கிடந்தது.

"அப்பா, நீங்கள் எல்லாரையும் வெளியில விட்டிட்டீங்கள்" என்றேன்.

"ஓம்."

"கோட்டை போகப்போகுது."

"தெரியும். உன்ர முறை, ஆடு."

அவர் கலண்டரைப் பார்த்தபடி நின்றார். அம்மா என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஆடாமல் விட்டுவிடலாமோ என்று ஒரு நிமிசம் எனக்கும் தோன்றியது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அவ்வளவு நாளும் முட்டி முட்டி மண்டை வீங்கியவள் நான். குதிரைகளைக் காட்டுக்குள் இருந்து எடுத்தேன். வாசலை மறிக்க ஒருவரும் இல்லை. ஒரே முறையில் உள்ளே போய்க் கொடியை மாற்றினேன். கோட்டை பிடிபட்டது என்று கொம்பியூட்டர் ஊதியது. நான் கதிரையில் இருந்து துள்ளி எழும்பி, அம்மாவைப் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினேன். அம்மா கையைத் தட்டிவிட்டாள். உனக்கு மண்டைக்குள் மூளை இருக்கிறது, நெஞ்சுக்குள் ஈரம் இல்லை என்று ஏசினாள்.

அப்பா திரும்பிப் பார்த்தார். கொடியைப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

"ஆள் வெளியில நிக்கேக்க மதில் என்னத்துக்கு?" என்றார்.

அவ்வளவுதான். பிறகு கோபமும் இல்லை, கவலையும் இல்லை. அடுத்த நாளே பொலிசுக்குப் போய், நான் கொழும்புக்குப் போவதற்கான அனுமதிக் கடிதம் எடுக்க நின்றார். மாமாவைக் கண்டு ஏதோ கதைத்தார். பஸ்ஸுக்குச் சீட்டுப் பதிந்துவிட்டு வந்தார். நான் வென்ற பெருமையில் எதையும் கவனிக்கவில்லை. எந்தச் சட்டை, எந்தச் செருப்பு, கொழும்பில் எப்படிச் சிங்களம் கதைப்பது என்று அதே நினைவாக இருந்தேன். என் துணிகளை எல்லாம் ஒரே பையில் அடுக்கினேன். தனியாக வாழப்போகிறவள் பாரம் தூக்கக்கூடாது என்று எனக்கு நானே புத்தி சொல்லிக்கொண்டேன்.

போகும் காலையில் பையோடு முற்றத்துக்கு வந்தால், அங்கே வேறு பைகள் நின்றன. ஒன்று அப்பாவின் பழைய தோல் பை. மற்ற இரண்டும் அம்மாவுடையவை, ஒன்றுக்குள் இருந்து இடியப்ப உரலின் பிடி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அப்பா யன்னல்களை ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டு வந்தார். முன்கதவைப் பூட்டினார். பூட்டை இழுத்துப் பார்க்காமல் திறப்பைக் கொண்டுபோய் மாமாவிடம் கொடுத்தார். மாமா என் முகத்தைப் பார்க்காமல், கொழும்பில், வெள்ளவத்தையில் தன் கூட்டாளியின் வீட்டு மேல் அறை நல்ல காற்றோட்டமானது, மூன்று பேர் தாராளமாக இருக்கலாம் என்றார். மாமாவை நம்பினால் இப்படித்தான் என்று முன்பே சொல்லியிருக்கிறேன்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. நான் வென்றவள். கோட்டை என்னுடையது. எத்தனை நாளைக்கு இந்த ஏற்பாடு என்று கேட்டேன். பார்ப்போம் என்றார் அப்பா. நீங்கள் இந்த ஊரை விட்டு ஒரு கலியாணத்துக்குக்கூடப் போனதில்லை, வீட்டைத் தனியே விட ஏலாது என்று எத்தனை நாள் சொல்லியிருக்கிறீங்கள், இப்போது ஆர் வீட்டைப் பார்க்கிறது என்று கேட்டேன்.

"வீட்டில ஆர் இருக்கினம், பாக்கிறதுக்கு?" என்றார்.

 பஸ்ஸில் அவர்களோடு கதைக்காமல் யன்னல் பக்கம் திரும்பி இருந்தேன்.

ஊர் எல்லை தாண்டியதும், கப்பல்துறைச் சோதனைச்சாவடியில் பஸ்ஸை நிறுத்தி எல்லாரையும் இறங்கச் சொன்னார்கள். பைகளைத் தூக்கிக்கொண்டு வரிசையாக நடந்து சோதனையைத் தாண்டி அந்தப் பக்கம் போய் ஏறவேண்டும். வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. அப்பா எனக்கு முன்னால் நடந்தார், அம்மா இடியப்ப உரலோடு பின்னால் வந்தாள். இருபத்துநாலு வயதுக்காரி, வேலைக்குப் போகிறவள், இப்படி நடுவில் நடக்க எனக்கு வெட்கமாக இருந்தது. வரிசையை விட்டு விலகி முன்னால் போகப் பார்த்தேன். அம்மா என் பையின் வாரைப் பிடித்து உள்ளே இழுத்தாள். அப்பா திரும்பிப் பார்க்கவில்லை, நடையை மட்டும் கொஞ்சம் குறைத்தார். அவருடைய சேட்டின் பின்பக்கம் முழுவதும் வியர்வையில் நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. நாலடிக்கு ஒருதரம் அடையாள அட்டையை எடுத்து எடுத்துப் பார்த்தார். நான் பிறந்ததில் இருந்து அந்த மனிதன் பயந்து நான் பார்த்ததில்லை. பயந்துகொண்டேதான் வெளியே வந்திருக்கிறார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அத்தனை பேருக்கு முன்னால், அடக்க ஏலாமல் வந்தது. ஏன் அழுகிறாய் என்று அம்மா பின்னால் இருந்து கேட்டாள். உங்கள் இரண்டு பேராலும்தான் என்றேன்.

"சரி, அழுதுகொண்டு நட" என்றாள் அம்மா. "வரிசை போகுது."